டயரின் உள்விளிம்பு ஏன் தேய்கிறது?

தீபாவளிக்குச் சுங்கைப் பட்டாணிக்குப் புறப்பட இரண்டு நாள்களே இருந்தன. என் தம்பி தன் மைவி மகிழுந்தை டயர் கடைக்குக் கொண்டு சென்றான். காற்றடிப்பது மட்டுமே அவன் நோக்கம். நானும் உடன் சென்றிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தபோது நான்கு டயர்களும் நன்றாகவே இருந்தன. கடைக்காரர் அனுபவசாலி. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பச் சொன்னார். முன்சக்கரம் திரும்பியதும், அதுவரை மறைந்திருந்த அதன் உட்புறம் வெளியே தெரிந்தது. அங்கே ரப்பர் தேய்ந்து, மெல்லிய எஃகு இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“இந்த டயரோடவா அம்மாவை ஏத்திக்கிட்டு ஹைவேயில போகப் போறீங்க, தம்பி?” என்று கேட்டார் அவர்.

தம்பியால் பதில் பேச முடியவில்லை. அந்த டயர்கள் ஓடியது 12,000 கிலோமீட்டர்தான். அவற்றைப் பொருத்திய அதே வாரத்தில் மகிழுந்தின் சுருள்வில்களை மாற்றி, அதன் உயரத்தை ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் குறைத்திருந்தான். தாழ்த்திய வண்டி பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்பது அவன் எண்ணம். “சக்கரம் உள்பக்கமா சாஞ்சிருக்கு, அதனாலதான் தேஞ்சிருக்கு” என்றான். கடைக்காரர் தலையசைத்தார். “சாய்வுக்கும் பங்கு இருக்கு. ஆனா பெரிய திருடன் வேற” என்றார்.

அந்தத் திருடனைப் புரிந்துகொள்ள, சக்கரம் நிற்கும் விதத்தை முதலில் அறிய வேண்டும். மகிழுந்தை முன்னாலிருந்து பாருங்கள். சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வுக் கோணத்தைக் கேம்பர் என்பார்கள். அடுத்து, மகிழுந்தை மேலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்யுங்கள். இரு முன்சக்கரங்களும் நேராக முன்னோக்கி இருக்கின்றனவா, ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கின்றனவா, அல்லது விலகித் திரும்பியிருக்கின்றனவா? இந்தத் திசைக் கோணத்தின் பெயர் டோ. ஆங்கிலத்தில் கால்விரலைக் குறிக்கும் சொல்தான் அது. நேராக நின்று, இரு பாதங்களின் விரல்களையும் சற்று வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். தம்பியின் மகிழுந்து அப்படித்தான் நின்றது.

வண்டியைத் தாழ்த்தும்போது இக்கோணங்கள் ஏன் மாற வேண்டும்? மைவியின் முன்சக்கரங்கள் மெக்பெர்சன் வகை அமைப்பில் பொருத்தப்பட்டுள்ளன. 1940களில் ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கியதால் அதற்கு அப்பெயர் வந்தது. இதில் சுருள்வில்லும் அதிர்வுத்தாங்கியும் ஒரே தூணாக நிற்கின்றன. அத்தூணின் அடிப்பகுதியை ஒரு கீழ்க்கை பிடித்துக்கொண்டிருக்கும். சக்கரத்தை இடமும் வலமும் திருப்புவதற்கு டை ராட் எனும் மற்றொரு தண்டு உள்ளது. வண்டியின் உடல் கீழே இறங்கும்போது கீழ்க்கையின் கோணம் மாறுகிறது. அதனால் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்கிறது. எல்லாரும் கண்ணால் காண்பது இந்தச் சாய்வைத்தான்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம் டை ராட்டில் நிகழ்கிறது. கணிதப் பாடத்தில் பயன்படுத்தும் கவராயங்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு மையங்களில் ஊன்றி, வெவ்வேறு ஆரங்களில் இரு வில்களை வரையுங்கள். அவை ஓரிடத்தில் தொடுமாறு வரைந்தாலும், அவ்விடத்தை விட்டு நகர நகர ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும். கீழ்க்கையும் டை ராட்டும் அப்படிப்பட்ட இரண்டு வில்களில் அசைகின்றன. வண்டி தயாரிக்கப்பட்டபோது இருந்த உயரத்தில் இரண்டும் இணக்கமாக இருக்கும்படி பொறியாளர்கள் அமைத்திருப்பார்கள். உயரத்தைக் குறைத்தால் அந்த இணக்கம் குலைகிறது. டை ராட், சக்கரத்தை ஒரு பக்கமாகத் தள்ளவோ இழுக்கவோ செய்கிறது. எந்தப் பக்கம் என்பது வண்டியின் அமைப்பைப் பொறுத்தது.

இப்போது ஒரு சிறு சோதனை செய்யலாம். அழிப்பான் ஒன்றைத் தாளின்மேல் இலேசாகச் சாய்த்து வைத்து அழுத்துங்கள். ஒரு விளிம்பில் மட்டும் அழுத்தம் கூடும். ஆனால் துகள் எதுவும் உதிராது. பிறகு அதே அழிப்பானைப் பக்கவாட்டில் இழுத்துத் தேயுங்கள். உடனே துகள்கள் உதிர்கின்றன. சாய்ந்த சக்கரம் உள்விளிம்பில் அதிக எடையைத் தாங்கினாலும் உருண்டுகொண்டுதான் போகிறது. திசை மாறிய சக்கரமோ உருளும்போதே பக்கவாட்டிலும் இழுபடுகிறது. சாய்வு, சுமையை ஓரிடத்தில் குவிக்கிறது. திசை மாற்றம் அந்த இடத்தைத் தேய்த்து எடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உள்விளிம்பு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடையில் இருந்த கணினி அளந்து காட்டியபடி, தம்பியின் முன்சக்கரங்கள் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை உள்ளே சாய்ந்திருந்தன. திசையோ ஒவ்வொரு சக்கரத்திலும் கால் பாகை மட்டுமே வெளியே திரும்பியிருந்தது. கால் பாகை என்றால் 15 கலை. கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாத அளவு. வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். கால் பாகையின் சைன் மதிப்பு ஏறக்குறைய 0.00436. அதாவது, சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது 4.36 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் இழுபடுகிறது. 12,000 கிலோமீட்டருக்கு அது 52 கிலோமீட்டரைத் தாண்டுகிறது! டயரைத் தார்ச் சாலையில் அத்தனை தூரம் குறுக்காக இழுத்துச் சென்றதாக எண்ணிப் பாருங்கள். உண்மையில் ரப்பர் வளைந்து கொடுப்பதால் நிலைமை இவ்வளவு எளிய கணக்கில் அடங்காது. ஆனாலும் கால் பாகையை அற்பமென்று ஒதுக்கக் கூடாது என்பதற்கு இக்கணக்கே போதும்.

டயர் எந்தக் காரணத்தால் தேய்ந்தது என்பதைக் கையாலேயே ஓரளவு அறியலாம். மலாய் மொழியில் ‘புங்கா தாயார்’, அதாவது டயர்ப் பூ என்று அழகாகச் சொல்கிறார்களே, அந்த வரிப்பள்ளங்களுக்குக் குறுக்கே உள்ளங்கையை மெதுவாகத் தடவ வேண்டும். எஃகு இழை தெரியும் டயரை மட்டும் தடவக் கூடாது, கையைக் கிழித்துவிடும். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் இரம்பப் பற்கள்போலவும் தட்டுப்பட்டால் டோ கோணம் தவறாக உள்ளது எனலாம். பற்கள் இல்லாமல் ஒரு விளிம்பு மட்டும் சரிவாகக் குறைந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். இரு விளிம்புகளும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று போதவில்லை. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி.

உள்விளிம்புத் தேய்மானத்தில் பணத்தைவிட உயிருக்கே ஆபத்து அதிகம். வரிப்பள்ளங்களின் வேலை, மழைநீரை டயரின் அடியிலிருந்து வெளியேற்றுவது. நம் நாட்டில் மாலை மழை எப்போது கொட்டும் என்று யாரால் சொல்ல முடியும்? பள்ளம் இல்லாத டயர் நீர்ப்படலத்தின்மேல் மிதக்கத் தொடங்கினால், ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படா. பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அம்மேடுகளுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். பலர் வெளிப்புறப் பள்ளத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். தாழ்த்தப்பட்ட வண்டியிலோ வெளிப்புறம்தான் கடைசியாகத் தேய்கிறது.

தம்பி முதலில் கேட்டது, முன் டயர்களைப் பின்னால் மாற்றினால் என்ன என்பதே. மைவியின் பின்சக்கரங்கள் ஒரே குறுக்கு விட்டத்தில் இணைந்திருப்பதால் அவற்றின் கோணங்கள் அதிகம் மாறவில்லை. பின் டயர்கள் சீராகவே இருந்தன. ஆனால் காரணத்தைச் சரிசெய்யாமல் டயர்களை இடம் மாற்றுவது, இரண்டில் உள்ள நோயை நான்குக்கும் பரப்புவதாகும். கடைக்காரர் முன்பக்கத்துக்குப் புதிய டயர்கள் இரண்டைப் பொருத்தினார். காற்றழுத்தத்தைச் சரிபார்த்தார். மூட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஆட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கை நேராக நிறுத்திப் பூட்டிய பின்னரே டை ராட்டைத் திருகினார். திரையில் டோ எண்கள் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறின. கேம்பர் எண் மட்டும் சிவப்பாகவே நின்றது. அந்த வண்டியில் அதைத் திருத்த வேண்டுமானால் சிறப்பு மரையாணிகளைப் பொருத்த வேண்டும். “இப்போதைக்கு இது போதும். புது ஸ்பிரிங் போட்டதும், கொஞ்ச தூரம் ஓடி அது படிஞ்சதும் கொண்டு வந்திருக்கணும். ஒரு தடவைகூட வரலையே” என்று சற்றே கடிந்துகொண்டார்.

சுருள்வில்லை வெட்டித் தாழ்த்துவோரும் உண்டு. அது இதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளை அறிந்துகொள்வதும் உரிமையாளரின் பொறுப்பு. தம்பி அதையும் பிறகுதான் விசாரித்தான்.

அவ்வாண்டு தீபாவளிக்கு அம்மா முன்னிருக்கையில் அமர்ந்து வந்தார். தைப்பிங்கைத் தாண்டும்போது நல்ல மழை. தம்பி வழக்கத்தைவிட மெதுவாகவே ஓட்டினான். அதன்பின் 10,000 கிலோமீட்டர் ஓடிய அந்த முன் டயர்களைச் சென்ற மாதம் அளந்து பார்த்தோம். வெளிப்பள்ளம் 5.9 மில்லிமீட்டர், உட்பள்ளம் 5.1 மில்லிமீட்டர். சாய்வு தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இரம்பப் பற்களை மட்டும் காணவில்லை.