மலைச்சரிவும் மரம் நடும் பொறியும்

உழுவதற்கும் அறுப்பதற்கும் பொறி வந்தபோது வியந்தோம், பின்னர்ப் பழகிக்கொண்டோம். இப்பொழுது மரக்கன்று நடுவதற்கும் பொறி வந்துள்ளது. சுவீடனிலும் பின்லாந்திலும் வணிகத்துக்கென வளர்க்கப்படும் காடுகளில் அது தொழில் புரிகின்றது. ராகலை மக்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. நமது சரிவுகளிலும் தேயிலையோடு மரம் இன்று ஒரு பயிராகிவிட்டது.

அப்பொறியின் இயல்பை முதலில் அறிதல் நன்று. மண் அள்ளும் இயந்திரத்தின் நீண்ட கையிலே, வாளிக்குப் பதிலாக நடுங்கருவி பூட்டப்படுகின்றது. அது மண்ணைக் கிளறிச் சிறு மேடாக்கும், மேட்டை அழுத்தும், குழாய் வழியே கன்றை இறக்கும், அடிமண்ணை இறுக்கிவிடும். சுவீடனின் பிராக்கே, பின்லாந்தின் எம்-பிளான்டர் என்பன இவ்வகையின.

இத்தகைய பொறி மணிக்கு ஏறத்தாழ 200 கன்றுகளை நடும். பண்படுத்திய நிலத்தில் நடுகுழாய் ஏந்திச் செல்லும் கைதேர்ந்த தொழிலாளியும் ஏறக்குறைய அவ்வளவே நடுவார். எனவே பொறியின் சிறப்பு விரைவில் இல்லை. பண்படுத்தலையும் நடுதலையும் ஒருங்கே முடிப்பதிலும், ஆள் கிடைக்காத குறையைத் தீர்ப்பதிலுமே உள்ளது. அந்நாடுகளிலும் பெரும்பாலான கன்றுகளை இன்றும் மனிதக் கைகளே நடுகின்றன.

இனி நம் மலைக்கு வருவோம். தோட்டத்தார் சவுக்கு என்று வழங்கும் கிரவிலியா, தேயிலைக்கு நிழல் தருவது. யூக்கலிப்டஸ், தொழிற்சாலை உலைக்கு விறகும் விற்பனைக்குத் தடியும் தருவது. பத்தடிக்கு ஒரு கன்றாக நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 435 குழிகள் வேண்டும். ஆண்கள் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு குழி எடுப்பதையும், பெண்கள் கன்றுக் கூடையைச் சுமந்து வழுக்குஞ் சரிவில் ஏறுவதையும் நான் பலகாலும் கண்டிருக்கிறேன். அவ்வுழைப்பின் கடுமையைக் கவிதையாக்கி மறைத்தல் அறமாகாது. சுமை குறையுமாயின் அதனை வரவேற்கவே வேண்டும்.

ஆயினும் பாரப்பொறி செங்குத்தான சரிவில் ஏறமாட்டாது. ஏறினால் தானும் கவிழும், மண்ணையும் குலைக்கும். மண் அரிப்பைத் தடுக்க 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய நாடு நம்முடையது. நமக்கு ஏற்றது கையில் தாங்கிக் குழி துளைக்கும் சிறு கருவியே. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஈரக் களிமண்ணில் சுழலும் அலகு குழியின் சுவரை மெழுகியதுபோல் வழவழப்பாக்கிவிடும். வேர் அதனைத் துளைக்க இயலாமல் உள்ளேயே சுற்றிக்கொள்ளும். முள்ளினாலோ அலவாங்கின் நுனியினாலோ அச்சுவரைக் கீறிவிட ஓர் ஆள் வேண்டும். கன்றின் பொலித்தீன் உறையைக் கிழித்து நீக்கவும், கான் ஓரம் எது, ஊற்றுக்கண் எது என்று பார்த்து விலகி நடவும் மண்ணறிந்த கண் வேண்டும்.

எனினும் என் கவலை குழியைப் பற்றியதன்று, 'பேர்' பற்றியது. ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்து வழக்கு 'ஒரு பேர்' என்பதாம். எத்துணைப் பொருள் பொதிந்த சொல்! பெரட்டில் பேர் விழுந்தால் அடுப்பு எரியும். தேயிலை கொழுந்து பறிப்போரை இடையறாது அழைக்கும் பயிர். மரமோ நடும்போதும் வெட்டும்போதுமே பெருந்தொகை ஆட்களை வேண்டும்; இடையிலே ஆண்டுகள் பல அமைதியாய்க் கழியும். தேயிலை அகன்று மரம் நின்ற நிலத்தில் பேர் ஏற்கெனவே அருகும். அங்கு நடுதலையும் பொறி மேற்கொள்ளுமாயின் லயத்துக் குடும்பத்துக்கு எஞ்சுவது யாது?

பொறியைத் தடுக்குமாறு நான் கூறவில்லை. இளைஞர் பலர் கொழும்புக்குச் சென்றுவிட்டனர். அலவாங்கைத் தூக்க அவர்கள் திரும்பி வாரார், வரவேண்டுமென்று நாம் கேட்பதும் முறையன்று. கேட்கத்தக்கது வேறு. கருவியை இயக்கும் பயிற்சி தோட்டத்துப் பிள்ளைகளுக்கே, பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒப்பக் கிடைத்தல் வேண்டும். நட்டபின் களை எடுத்தலும் பட்ட கன்றுக்கு மறுகன்று வைத்தலும் முறையான பேராகக் கணிக்கப்படல் வேண்டும். தேயிலையை அகற்றி மரம் வைக்குமுன் அந்நிலத்தை நம்பி வாழ்வோரிடம் ஒரு சொல் கேட்டல் வேண்டும்.

நடுதல் என்னும் வினையைத் தமிழர் நாற்றுக்கும் வழங்கினர். வீரனின் கல்லுக்கும் வழங்கினர். இரண்டிடத்தும் அஃது, ஊன்றியது நிலைக்கவேண்டும் என்னும் கருத்துடையது. கன்று நிலைக்கும் மலையில் அதனை நட்டவர் குடியும் நிலைக்குமாறு செய்தலே நல்ல நடவு.