வயிற்று நோயும் எலும்பும்

“நோய் வயித்துல, எலும்புக்கு எதுக்கு மருந்து?” என்று கிளினிக் போய் வருகிறவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான விளக்கம் இது.

குடல் அழற்சி நோய் இரண்டு வகை. ஒன்று, பெருங்குடலில் புண் உண்டாவது. மற்றது, வாயிலிருந்து ஆசனவாய் வரை எந்த இடத்திலும் வரக்கூடிய குரோன்ஸ் நோய். வாரக்கணக்கில் வயிற்றோட்டம், மலத்தோடு இரத்தம், வயிற்றுவலி, உடல் மெலிவு ஆகியவை இதன் அறிகுறிகள். “மூலமா இருக்கும், சூடா இருக்கும்” என்று இருந்துவிடக் கூடாது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. 2010இல் வெளியான ஓர் ஆய்வின்படி கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் ஒரு இலட்சம் பேரில் சுமார் 5 பேருக்குப் பெருங்குடல் புண் நோயும், ஒருவருக்குக் குரோன்ஸ் நோயும் இருந்தன. அபூர்வமான நோய்தான். ஆனால் வந்தவர்கள் நீண்ட காலம் வைத்தியம் செய்ய வேண்டும்.

எலும்பு கல்லைப் போல அப்படியே கிடப்பதில்லை. பழையது கரைய, புதியது கட்டப்படும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மறுபடி துளிர்க்கிற மாதிரி. வெட்டு மட்டும் நடந்து துளிர் வராவிட்டால் செடி என்னாகும்? எலும்பும் அப்படித்தான் தேய்கிறது.

இந்த நோயில் அதற்குக் காரணங்கள் பல. குடலில் உள்ள அழற்சியே எலும்பைக் கரைக்கும். புண்பட்ட குடல் கல்சியத்தையும் விட்டமின் டியையும் சரியாக உறிஞ்சாது. வயிற்றுக்குப் பயந்து பாலையும் சாப்பாட்டையும் குறைத்துக்கொள்கிறோம். இவற்றோடு பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் மாத்திரையும் சேர்கிறது. அதைத் தொடர்ந்து எடுத்தால் முதல் சில மாதங்களிலேயே எலும்பு வேகமாகத் தேயத் தொடங்கும்.

அதற்காக அந்த மாத்திரையை விஷம் என்று நினைக்காதீர்கள். ஸ்டீரொயிட் மருந்து இந்த நோய்க்குப் பலன் தரும் என்று 1955இலேயே இங்கிலாந்தில் நிரூபித்தார்கள். அது உயிர் காத்த நோயாளிகள் ஏராளம். ஆனால் இரண்டு காரியம் செய்யவே கூடாது. பழைய துண்டைக் காட்டி டவுன் பார்மசியில் நீங்களாக வாங்கித் தொடராதீர்கள். பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். மயக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டொக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எலும்புத் தேய்வு பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. சின்னதாக வழுக்கி விழுந்தாலே கை முறியும். சிலருக்குத் திடீர் முதுகுவலி வரும், கூன் விழும், உயரம் குறையும். ஈர மலையில், கொழுந்துப் பாரத்தோடு நிற்கும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீரொயிட் எடுப்பவர்கள், “எலும்பைப் பார்க்க வேணுமா?” என்று டொக்டரிடம் கேளுங்கள். எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. தேவைப்பட்டால் எழுதி அனுப்புவார்கள்.

2. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். வெறும் சாயத்தண்ணியில் அது இல்லையென்றே சொல்லலாம். பால், தயிர், முள்ளோடு நெத்தலி, குரக்கன், கீரை சேருங்கள். நோய் கூடியிருக்கும்போது எது ஒத்துக்கொள்ளும் என்று கிளினிக்கில் கேளுங்கள்.

3. வெயில் வரும் நாளில் கை கால் வெயிலில் பட நடவுங்கள். சிகரெட், பீடி, சாராயம் வேண்டாம்.

4. பாரம் தூக்க வேண்டாம் என்று டொக்டர் துண்டு கொடுத்தால் மறைக்காதீர்கள். நலன்புரி உத்தியோகத்தரிடம் காட்டினால் வேலையை மாற்றித் தருவது பற்றித் தோட்ட நிர்வாகத்திடம் பேசலாம்.

மலத்தில் இரத்தம் கண்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் தோட்ட வைத்தியசாலையில் சொல்லுங்கள். அங்கிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். குடலைக் காலத்தோடு கவனித்தால் எலும்பையும் காப்பாற்றலாம்.