வி.பி.பி.யில் வந்த சஞ்சீவிகள்

திருவண்ணாமலையில் அடி அண்ணாமலை வழியே செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்க எண்ணுவோருக்குப் பௌர்ணமி திதி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் தெரிய வேண்டும் என்பதால், பஞ்சாங்கம் ஆண்டு முழுவதும் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தது. செய்முறையை மறைத்து, வணிகப் பெயரை மட்டும் முன்னிறுத்தி விற்கப்பட்ட ஆயத்த மருந்துகளான 'பேடண்ட் மருந்து'களின் வணிகர்களுக்கு இத்தகைய காகிதமே தேவைப்பட்டது. நாளிதழ் மறுநாளே பொட்டலம் கட்டப் போய்விடும், பஞ்சாங்கமோ அடுத்த சித்திரை வரை தங்கும். அமெரிக்காவின் லோவல் நகரத்து ஜே.சி. ஏயர் நிறுவனம், 19ஆம் நூற்றாண்டில் தன் மருந்துகளின் புகழைப் பாடும் பஞ்சாங்கத்தைத் தானே அச்சிட்டுப் பல மொழிகளில் இலவசமாகப் பரப்பியது.

இந்தியாவில் இவ்வணிகத்துக்குத் தோள் கொடுத்தது அஞ்சல் துறைதான். பொருளைப் பெறும்போது தபால்காரரிடம் பணம் செலுத்தும் முறையான வி.பி.பி. 1877இலும், காலணா அஞ்சலட்டை 1879இலும் நடைமுறைக்கு வந்தபின், மருந்துக்கடையே இல்லாத சிற்றூரிலிருந்தும் ஒரு கார்டு எழுதி மருந்தை வரவழைக்க முடிந்தது. ஜாம்நகர் மணிசங்கர் கோவிந்தஜியின் ஆதங்க நிக்ரக மாத்திரை விளம்பரங்கள் காமசாஸ்திர நூலொன்றை இலவசமாக அனுப்புவதாக அறிவித்தன. உள்ளூர் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூசிய நோயை, முகம் காட்டாமல் எழுதித் தெரிவிக்கும் வாய்ப்பைத்தான் உண்மையில் இம்மருந்து வணிகர்கள் விற்றார்கள் எனலாம்.

காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலு 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம், பின்னர் சென்னையில் நிலைகொண்டு, கச்சேரிகளில் இலவச மாதிரிகளை வழங்கியும் அவருடைய ஆந்திர பத்திரிகையில் விளம்பரம் செய்தும் பெயர் பெற்றது. சென்னைக் கேசரி குடீரத்தின் கே.என். கேசரி, பெண்களுக்கான 'லோத்ரா' மருந்தை விற்றதோடு 'கிருஹலட்சுமி' என்னும் தெலுங்கு மகளிர் இதழையும் நடத்தினார். உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரோ தெய்வப்படம் அச்சிட்ட நாட்காட்டியாகச் சுவரேறியது. சாமி படத்தைக் கிழித்தெறிய யாருக்குத்தான் மனம் வரும்?

மாயத் தீர்வுகளைப் பரப்பும் விளம்பரங்களைத் தடுக்க 1954இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், அறிவிப்பு, சுற்றறிக்கை, லேபிள், மேலுறை ஆகிய அனைத்தையும், ஒலியாலும் ஒளியாலும் புகையாலும் செய்யப்படும் அறிவிப்புகளையுங்கூட 'விளம்பரம்' என்று வரையறுத்தது. யுனானி மருந்து நிறுவனமான ஹம்தர்த் தவாகானா தொடுத்த வழக்கில் இச்சட்டத்தின் நோக்கத்தை ஏற்ற உச்ச நீதிமன்றம், விளம்பரப் பொருள்களைக் கைப்பற்ற அதிகாரமளித்த 8ஆம் பிரிவைச் செல்லாததாக்கியதால், 1963இல் அப்பிரிவு திருத்தி எழுதப்பட்டது.