உஷார்! தலையில் தேய்த்தது கண்ணில் இறங்கும்

சீத்தாப்பழம் தின்றுவிட்டுக் கொட்டையைக் கழுவி முறத்தில் காயப் போட்டிருக்கிறீர்களா? பிள்ளை தலையில் இருக்கும் பேனுக்குப் பொடி இடிக்கவா? முதலில் அந்த முறத்தை எடுத்து ஓரமாக வையுங்கள். இல்லை, ஓரமாக வைத்தால் வீட்டில் யாராவது எடுத்து அரைத்துவிடுவார்கள். குழி தோண்டிப் புதைத்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசலாம்.

ஆவணி பிறந்தால் சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கம் சாலையோரமெல்லாம் சீத்தாப்பழக் கூடைதான். கரட்டு ஓரத்தில் யாரும் தண்ணீர் விடாமலே காய்க்கிற மரம். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். பெண் பிள்ளைகள் தலையில் ஈரும் பேனும் குடியேறியிருக்கும். கொட்டையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அத்தை சொல்வார், கைப்பேசியில் யாரோ செய்தும் காட்டுவார்: இடித்து, தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தலையில் அப்பு, ஒரு மணி நேரம் விட்டு அலசு.

பலிக்காத வைத்தியம் என்றால் நான் இவ்வளவு பதற மாட்டேன். இது பலிக்கிறது, அதுதான் ஆபத்து. பேன் நிஜமாகவே சாகும். தாய்லாந்து ஆராய்ச்சியாளர்கள் சீத்தாக் கொட்டைச் சாற்றைத் தலைப்பேன் மேல் சோதித்து இதை உறுதிசெய்திருக்கிறார்கள். கொட்டையில் இருக்கும் அசிட்டோஜெனின் என்ற வேதிப்பொருள்கள், உயிரணு சக்தி உண்டாக்கும் வழியையே அடைத்துவிடுகின்றன. நம் ஊரில் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் பூச்சிவிரட்டிக் கரைசலில் சீத்தா இலையைச் சேர்ப்பதும் சும்மா அல்ல. ஆக, பிள்ளையின் தலையில் நீங்கள் அப்புவது பூச்சிமருந்து. கடைப் பூச்சிமருந்துக்காவது அளவும் எச்சரிக்கையும் டப்பாவில் அச்சடித்திருக்கும்.

பேனின் உயிரணுவை அடைக்கிற அதே பொருள் கருவிழியின் மேல்தோலையும் விட்டுவைக்காது. தலைப்பேனுக்குச் சீத்தாக் கொட்டைப் பொடி போட்டுக் கண் புண்ணாகி வந்தவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், சிறுமிகள். கதை ஏறக்குறைய ஒன்றுதான். பூசும்போது ஒன்றும் ஆகாது. குனிந்து அலசும்போது பொடித் தண்ணீர் நெற்றி வழியாக இறங்கும். அல்லது அரிப்பில் தலையைச் சொறிந்த விரலே கண்ணைக் கசக்கும். உடனே லேசான உறுத்தல்தான். சில மணி நேரம் போன பிறகு வலி ஏறும், கண் சிவந்து தண்ணீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது, பார்வை மங்கும். மதியம் தலை அலசினதையும் ராத்திரி கண் வலித்ததையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லி மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கருவிழிப் புண் இன்னும் மோசமாகும். ஒழுங்காகப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் ஆறிவிடும். தள்ளிப்போட்டால் புண்ணில் கிருமி சேரும், தழும்பு விழும். கருவிழித் தழும்பைச் சொட்டு மருந்து போட்டு அழிக்க முடியாது.

எண்ணெய்தானே, தலையோடு நிற்கும் என்று நினைப்பவர்கள் பஞ்சாபைப் பாருங்கள். 2025 மார்ச் 16 அன்று சங்ரூரில் ஒரு கோயில் வளாகத்தில் முடி கொட்டுகிறவர்களுக்கு முகாம் போட்டு, தலையில் ஏதோ எண்ணெய் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கண் வீங்கிச் சிவந்து அரசு மருத்துவமனையில் வந்து நின்றார்கள். போலீஸ் வழக்கும் ஆனது. எல்லாரும் முடி கேட்டுப் போனவர்கள், கண்ணைப் பற்றிய கவலையே இல்லாமல் போனவர்கள்.

அரப்பும் சீயக்காயும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுக் குளிப்பது இந்தப் பக்கத்தின் சுகம். ஷாம்பு பாக்கெட் அதற்கு ஈடில்லை. உப்புத்தண்ணியில் சோப்பு திரிந்து முடியில் பிசுக்காக ஒட்டும், சீயக்காய் நுரை அப்படித் திரியாது. போர் தண்ணியை நம்பிக் குளிக்கிறவர்களுக்கு இது தெரியும். வெந்தயம், செம்பருத்தி, கரிசலாங்கண்ணி இவற்றோடும் எனக்குச் சண்டை இல்லை. பழகிய சாமான்களோடு தோட்டத்து விஷங்களும் ‘இதுவும் மூலிகைதானே’ என்று சேர்ந்துகொள்வதுதான் பிரச்சினை.

கொட்டமுத்தையே, அதாவது ஆமணக்குக் கொட்டையையே, எடுங்கள். ஆமணக்கு இந்த மண்ணின் பயிர். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. நம் பாட்டிகள் விளக்கெண்ணெய் எடுத்த விதம் நினைவிருக்கிறதா? கொட்டையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க விட்டு, மேலே மிதக்கிற எண்ணெயை மட்டும் வழித்தெடுப்பார்கள். கொட்டையில் இருக்கும் ரிசின் என்ற விஷம் ஒரு புரதம். அது எண்ணெயில் கலக்காது, சூட்டில் சிதைந்துபோகும். அந்தப் பாடு தெரியாத இப்போதைய செய்முறையில் பச்சைக் கொட்டையை மிக்ஸியில் அடித்து, தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைக்கிறார்கள். 1978-ல் லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் ஒருவரைக் கொன்றது குண்டூசித் தலை அளவு உருண்டைக்குள் வைத்த இந்த ரிசின்தான் என்பது பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு விசாரித்தவர்கள் வந்த முடிவு. அவருக்கு உடம்புக்குள் ஏற்றினார்கள், நீங்கள் தலையில்தான் தடவுகிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரைத்த அந்த ஜாரில் மறுநாள் காலை சட்னி அரைக்கப் போவது யார்? சீத்தாக் கொட்டையை அரைத்து மூடியைத் திறந்ததும் எழும் தூசி யார் முகத்தில் படும்?

செக்கில் வாங்கிய நல்ல விளக்கெண்ணெயாகவே இருந்தாலும் நீளமுடிக்காரர்கள் தலை முழுக்க ஊற்றிக்கொள்ள வேண்டாம். பிசுபிசுப்பில் முடி ஒன்றோடொன்று பின்னி, சிக்கெடுக்கவே முடியாத கட்டியாகிப்போன ஓர் இந்தியப் பெண்ணைப் பற்றி 2017-ல் தோல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

புழுவெட்டு என்றால் இன்னும் பதற்றம். குன்றிமணியை உரசிப் போடு, ஊமத்தை இலைச்சாற்றைக் காய்ச்சிப் போடு என்பார்கள். குன்றிமணியில் இருக்கும் அப்ரின், ரிசினுக்கு உடன்பிறப்பு மாதிரி. ஊமத்தையில் இருப்பது அட்ரோபின் வகை. சாறு கண்ணில் பட்டால் கண்பாப்பா விரிந்து பார்வை மங்கும். உடம்பில் ஏறினால் நெஞ்சு படபடக்கும், பிதற்றல் வரும். சித்த மருத்துவத்தில் இவை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சுத்தி செய்த பிறகு. அந்தச் சுத்தியைத்தான் வீட்டுச் செய்முறை தாண்டிக் குதிக்கிறது. புழுவெட்டில் பலருக்கு ஓராண்டுக்குள் முடி தானாகவே முளைத்துவிடும். கடைசியாகத் தேய்த்தது எதுவோ, பெயர் அதற்குப் போய்விடும். வெங்காயச் சாற்றுக்காவது 2002-ல் பாக்தாத் மருத்துவர்கள் செய்த சிறு ஆய்வு ஒன்று துணைக்கு இருக்கிறது. அதுவும் புழுவெட்டுக்குத்தான், பொதுவாக முடி கொட்டுவதற்கு அல்ல. ராசிபுரத்துச் சின்ன வெங்காயம் சிலருக்குத் தோலையும் எரித்துவிடும்.

கற்பூரத்தைச் சொல்லாமல் விட முடியாது. பேனுக்கும் பொடுகுக்கும் தேங்காய் எண்ணெயில் சூடத்தைக் கரைத்துத் தேய்க்கிற பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும் சரக்கு அது. ஒரு கிராம் அளவு விழுங்கிக் குழந்தைகள் இறந்ததாக மருத்துவப் பதிவு இருக்கிறது. அமெரிக்காவில் 1982-ல் கற்பூர எண்ணெய் விற்பனையையே தடை செய்தார்கள். விளக்கெண்ணெய் என்று நினைத்துக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம். நம் வீட்டிலும் சூடம் கரைத்த எண்ணெய் எதில் இருக்கிறது? பழைய தேங்காய் எண்ணெய் பாட்டிலில், பெயர் ஒட்டாமல், சமையலறை அலமாரியில். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்த எண்ணெய் இருக்கவே கூடாது.

கருப்பு மருதாணியிலும் எச்சரிக்கை வேண்டும். மருதாணி இலை முடிக்குச் செம்மைதான் தரும். அரை மணியில் கருப்பு ஏறினால் பொடியில் சாயம் கலந்திருக்கிறது, பெரும்பாலும் பிபிடி. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இமை இரண்டும் வீங்கிக் கண்ணே மூடிக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு சித்திரை வெயிலில் துணி காயப் போடப் போனால் நெற்றியில் கொப்புளம் கிளம்பி, கறுப்புத் திட்டாக மாதக்கணக்கில் நிற்கும். முட்டை போடுகிறவர்கள் (நாமக்கல்லில் வேறு எதைப் போடுவார்கள்!) மறக்காமல் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் ஊற்றினால் தலையிலேயே பொரியல்தான்.

பேனுக்கு என்னதான் செய்வது? தலையை நனைத்து, எண்ணெய் வைத்து, பேன்சீப்பால் பகுதி பகுதியாகப் பிரித்து வாருங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரமாவது தொடர வேண்டும். ஈர் பொரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால் ஒரே நாளோடு நிறுத்தினால் பயனில்லை. அதற்கு நேரமில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் வாங்கி, பத்து நிமிடம் வைத்து அலசி, ஒரு வாரம் கழித்து மறுபடி போடுங்கள். வீட்டில் எல்லார் தலையையும் பாருங்கள், அம்மா தலையையும் சேர்த்து.

ஏற்கெனவே சீத்தாப் பொடி கண்ணில் பட்டுவிட்டதா? கசக்க விடாதீர்கள். குழாயைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, நல்ல தண்ணியில் 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய், வீட்டில் கிடக்கிற பழைய சொட்டு மருந்து, எதுவும் வேண்டாம். வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. குழந்தை கற்பூர எண்ணெயையோ கொட்டமுத்தையோ விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது மிச்சமிருக்கும் பொடியையோ பாட்டிலையோ பையில் போட்டுக்கொள்ளுங்கள். ‘வைத்தியம் பண்ணினேன்’ என்று சொல்ல வெட்கப்பட்டு ‘தூசி விழுந்துவிட்டது’ என்று சொல்லிவிடாதீர்கள். என்ன போட்டீர்கள் என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான மருந்தைப் போட முடியும்.