ஓர் எழுத்து பிசகினால்...

மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதுகிறீர்கள். அவசரத்தில் 'சர்க்கரை' என்பதை 'சக்கரை' என்று எழுதிவிட்டீர்கள். ஒன்றும் மோசமில்லை. கடைக்காரர் சர்க்கரையைத்தான் கட்டிக் கொடுப்பார். ஆனால் 'பூண்டு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பூட்டு' என்று எழுதிவிட்டால்? பையில் பூட்டு வந்து சேரும். அன்றைய ரசத்தின் கதி அதோ கதிதான்!

இரண்டிலும் பிசகியது ஓர் எழுத்துத்தான். ஒன்றில் காரியம் கெடவில்லை, மற்றதில் கெட்டுவிட்டது.

நம் உடம்பும் இப்படி ஒரு சீட்டைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அந்தச் சீட்டு சுருண்டு கிடக்கிறது. அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. ஒரு பிரதியில் மட்டும் சுமார் 300 கோடி எழுத்துகள்! இதில் எந்த எழுத்து பிசகினால் நோய் வரும், எது பிசகினால் ஒன்றும் ஆகாது என்று மனிதர் உட்கார்ந்து தேடி முடிகிற காரியமா? இந்த இடத்தில்தான் வைத்தியத்துக்குள் கம்ப்யூட்டர் நுழைகிறது.

என் அண்ணன் மகள் இந்த வேலையில்தான் இருக்கிறாள். படிப்பின் பெயர் 'பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ்'. தமிழில் உயிர்த் தகவலியல் என்கிறார்கள். "ஏண்டி, உன் கம்ப்யூட்டர் டாக்டருக்குப் பதிலா வைத்தியம் பார்க்குமா?" என்று அவளிடம் கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"இல்லை அத்தை. அதுக்கு வைத்தியமே தெரியாது. ஒத்துப் பார்க்கத்தான் தெரியும். நாம சலிச்சுப் போற இடத்துல அது சலிக்காது, அவ்வளவுதான்."

ஒத்துப் பார்ப்பது! பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் மாதா மாதம் ஒத்துப் பார்க்கிற நமக்குப் புரியாத வித்தையா இது? சொல்லப் போனால், இந்த வித்தைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் முதன்மையானவர் ஒரு பெண்மணி. இரண்டு பெண் குழந்தைகளின் தாய்.

ஓரெழுத்துப் பெயர் வைத்தவர்

அவர் பெயர் மார்கரெட் டேஹாஃப். 1925-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பிறந்தவர். கணிதம் படித்து, பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆபீஸ் கணக்குகளுக்காக வைத்திருந்த துளை அட்டை இயந்திரங்களைக் கொண்டே ரசாயனக் கணக்குகளைப் போட்டுக் காட்டிய கெட்டிக்காரர். 1950-களில் குழந்தைகளுக்காகச் சில வருஷங்கள் ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு வீட்டில் இருந்தார். பிறகு 1960-ல் தேசிய உயிர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

அந்த நிறுவனத்தை நடத்திய ராபர்ட் லெட்லி படித்தது பல் வைத்தியம்! கம்ப்யூட்டரை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தே தீருவது என்று முனைந்து நின்றவர். உடம்பு முழுவதையும் படம் பிடிக்கும் சி.டி. ஸ்கேன் கருவியைப் பின்னாளில், 1970-களில், உருவாக்கியவரும் அவரே.

அது புரதங்களின் அமைப்பு ஒவ்வொன்றாகத் தெரிய வந்துகொண்டிருந்த காலம். புரதம் என்பது மணிமாலை மாதிரி. அமினோ அமிலம் என்னும் 20 வகை மணிகளை வரிசை தவறாமல் கோத்தால் ஒரு புரதம். சர்க்கரை வியாதிக்கு ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இன்சுலின்கூட, இரண்டு சரங்களும் 51 மணிகளும் கொண்ட சின்ன மாலைதான். எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்று சொல்வதுதான் நம் உடம்புச் சீட்டின் முக்கியமான வேலை.

மாலையின் வரிசையைக் கண்டுபிடிக்க, அதை ரசாயன முறையில் துண்டு துண்டாக நறுக்க வேண்டும். ஒரே கடிதத்தின் இரண்டு பிரதிகளை வெவ்வேறு இடத்தில் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடி ஒட்டவைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? 'இந்தத் துண்டின் வால் அந்தத் துண்டின் தலையோடு பொருந்துகிறதா?' என்று மாதக் கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். டேஹாஃபும் லெட்லியும் 1962-ல் எழுதிய புரோகிராம், ஓர் ஐ.பி.எம். 7090 கம்ப்யூட்டரில் அந்தப் பொருத்தத்தைச் சில நிமிஷங்களில் பார்த்துச் சொன்னது.

அத்தோடு டேஹாஃப் நிற்கவில்லை. அதுவரை தெரிந்த 65 புரதங்களின் வரிசைகளைத் தேடித் திரட்டி, 1965-ல் ஒரே புத்தகமாக வெளியிட்டார். கூட உழைத்த மூவரில் இருவர் பெண்கள். ஒவ்வொரு மணிக்கும் நீளமான ரசாயனப் பெயர் எழுதினால் துளை அட்டையில் இடம் போதாது என்று, ஒவ்வொன்றுக்கும் ஓரெழுத்துப் பெயர் வைத்தார். ஸிஸ்டீன் என்ற மணிக்கு 'சி', டைரோசின் என்ற மணிக்கு 'ஒய்', இப்படி. சிக்கனமான இல்லத்தரசி வேலை! உலகம் முழுவதும் இன்றும் அந்தப் பெயர்கள்தான்.

இத்தனை மாலைகளையும் வரிசையாக அடுக்கி ஒத்துப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பத்து வீட்டு ரசத்தைச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் பருப்பு போடுவார்கள், ஒரு வீட்டில் போட மாட்டார்கள். ஒரு வீட்டில் பூண்டு உண்டு, ஒரு வீட்டில் இல்லை. ஆனால் பத்து வீட்டிலும் உப்பும் புளிப்பும் இருக்கும். அப்படியானால் அந்த இரண்டும் இல்லாமல் ரசம் இல்லை என்றுதானே அர்த்தம்? அதேபோல, மனிதன், மாடு, கோழி, ஈ எல்லாவற்றிலும் ஒரு புரதத்தின் ஒரே இடத்தில் ஒரே மணி மாறாமல் இருந்தால், அந்த இடம் உயிருக்கு மிக முக்கியமானது. அங்கே கை வைத்தால் ஆபத்து!

1983-ல் தமது 57-ஆவது வயதில் டேஹாஃப் மாரடைப்பால் காலமானார். இந்தத் துறைக்குத் தாயும் தந்தையும் அவரே என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அவருடைய ரசக் கணக்கு ஒரு குழந்தையை எப்படிக் காப்பாற்றியது என்று இனிப் பாருங்கள்.

16,124 பிசகுகளில் ஒன்று

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிறுவன். இரண்டு வயது நிறையும் முன்பே வயிற்றுக் கோளாறு தொடங்கியது. குடலில் புண் வந்து, புண் துளையாகி, வயிற்றுத் தோல் வரைக்கும் வழி உண்டாகிவிட்டது. வாயால் சாப்பிட முடியாது. நரம்பு வழியாகத்தான் ஊட்டம். நூறு முறைக்கு மேல் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் வந்தான். என்ன நோய் என்று யாருக்கும் பிடிபடவில்லை. எலும்பு மஜ்ஜையை மாற்றிப் பார்க்கலாமா என்றால், அதுவே உயிருக்கு ஆபத்தான சிகிச்சை. நோயின் பெயரே தெரியாமல் எப்படி இறங்குவது? பசிக்கிறது என்று அழும் குழந்தைக்கு ஒரு வாய் சோறு கொடுக்க முடியாத தாயின் வேதனையை நான் சொல்ல வேண்டியதில்லை.

2009-ல் மில்வாக்கி நகரில் இருந்த டாக்டர்களும் விஞ்ஞானிகளும் அவனுடைய உடம்புச் சீட்டைப் படிக்கத் துணிந்தார்கள். முழுவதும் அல்ல, புரதங்களுக்கான பகுதியை மட்டும். அது மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அதிலேயே, வழக்கமான பிரதியிலிருந்து மாறுபட்ட இடங்கள் 16,124 இருந்தன!

பயந்துவிடாதீர்கள். எனக்கும் உங்களுக்கும்கூட இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கும். அநேகமாக எல்லாம் 'சக்கரை' வகைதான். அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் 'பூட்டு' எது என்பதுதான் கேள்வி.

எலிசபெத் வொர்த்தி என்ற பெண் விஞ்ஞானி, இதற்கென்றே புரோகிராம் எழுதிச் சலிக்க ஆரம்பித்தார். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பலரிடமும் காணப்படும் மாற்றமா? தள்ளு. மணியை மாற்றாத மாற்றமா? அதையும் தள்ளு. கடைசியில் சல்லடையில் நின்றது, எக்ஸ்.ஐ.ஏ.பி. என்ற ஜீனில் ஒரு பிசகு. 497 மணிகள் கொண்ட அந்தப் புரதத்தில் 203-ஆவது மணி 'சி'யாக இருக்க வேண்டும். சிறுவனுக்கு அது 'ஒய்' ஆகியிருந்தது. மனிதனிலிருந்து பழ ஈ வரைக்கும் அந்த இடத்தில் மாறாத 'சி'! ரசத்தில் உப்பு மாதிரி.

அந்த ஜீன் பழுதானால், உடம்பின் பாதுகாப்புப் படை வரம்பு மீறிச் சொந்தக் குடலையே தாக்கும். சாதாரண வைரஸ் ஒன்று வந்தால்கூட உயிருக்கே உலை வைத்துவிடும். இப்போது மஜ்ஜை மாற்றுவதில் தயக்கத்துக்கு இடமில்லை. 2010 ஜூலையில், முன்பின் தெரியாத ஒருவர் தானம் செய்திருந்த தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்தினார்கள். சுமார் ஆறு வாரம் கழிந்தபோது அவன் வாயால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குடல் நோய் திரும்பவில்லை.

கவனியுங்கள். கம்ப்யூட்டர் 16,124-ஐ ஒரு கைப்பிடியாகச் சுருக்கியது. 'இதுதான்' என்று சோதனை செய்து உறுதிப்படுத்தியவர்கள் மனிதர்கள். வைத்தியம் செய்தது டாக்டர். ரத்தம் கொடுத்தது யாரோ ஒரு தாய்.

நம் ஊருக்கு என்ன பயன்?

நீலகிரி மலைவாழ் மக்கள் சிலரிடையே அரிவாள் செல் சோகை என்ற ரத்த நோய் உண்டு. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினில் ஒரே ஒரு மணி மாறியதால் வருவது அது. இதுபோல எழுத்துப் பிசகால் வரும் நோய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

ஒத்துப் பார்க்க வேண்டுமானால் நல்ல மாதிரிப் பிரதி வேண்டும். வெள்ளைக்காரர்களின் பிரதியையே வைத்துக்கொண்டு நம் குழந்தையின் எழுத்தைப் பார்த்தால், நமக்குச் சகஜமான எழுத்துகூடப் பிசகாகத் தெரியலாம். இதற்காகத்தான் நம் நாட்டில் 'ஜீனோம் இந்தியா' என்ற திட்டம் 2020-ல் தொடங்கியது. பல இனங்களையும் பகுதிகளையும் சேர்ந்த 10,000 பேரின் எழுத்துகளைப் படித்து, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இனி நம்மை நம்மவரோடு ஒத்துப் பார்க்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

"கம்ப்யூட்டருக்கு முதல் துப்பு எங்கேயிருந்து கிடைக்கிறது தெரியுமா அத்தை? வீட்டுப் பெண்கள் சொல்ற குடும்பக் கதையிலிருந்து!" என்றாள் அண்ணன் மகள். அவள் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில், உங்கள் பக்கமும் கணவர் பக்கமும் மூன்று தலைமுறைக்கு எழுதி வையுங்கள். சிறு வயதில் இறந்த குழந்தைகள், அடிக்கடி கலைந்த கர்ப்பங்கள், வலிப்பு, பிறவிச் செவிடு, அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய சோகை, இவை யாருக்கு, எந்த வயதில் என்று குறியுங்கள். 'அதையெல்லாம் ஏன் வெளியில் சொல்லணும்?' என்று பெரியவர்கள் தடுப்பார்கள். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

உறவில் திருமணம் நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே பிசகு இரண்டு பிரதியிலும் சேர்ந்துவிடும் வாய்ப்பு அங்கே அதிகம்.

எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை. செலவும் ஆயிரக்கணக்கில் ஆகும். காரணம் தெரியாத வலிப்பு, கற்றுக்கொண்டதை மறந்துகொண்டே போவது, திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று, முன் பிறந்த குழந்தை இதே மாதிரி இறந்தது, இப்படி ஏதாவது இருந்தால் குழந்தை வைத்தியரிடம் மரபணு ஆலோசனை பற்றிக் கேளுங்கள். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே கேட்பது உத்தமம். அபூர்வ நோய்களுக்கென்று மத்திய அரசு 2021-ல் ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. அங்கீகரித்த மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை உதவிக்கு அதில் வழி உண்டு.

ரிப்போர்ட்டில் 'பொருள் தெரியாத மாற்றம்' என்று வந்தால் கலங்க வேண்டாம், தூக்கியும் எறிய வேண்டாம். ஒத்துப் பார்க்கும் பிரதிகள் பெருகப் பெருக, இன்று புரியாத எழுத்து நாளை புரியலாம். பத்திரமாக வைத்திருந்து, ஓரிரு வருஷம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

முக்கியமாக ஒன்று. 'உன் வயிற்றில் பிறந்ததால்தான் இப்படி' என்று எந்த மருமகளையும் யாரும் சொல்லக் கூடாது. எந்த எழுத்து எந்தக் குழந்தைக்குப் போகும் என்பது அம்மா கையிலும் இல்லை, அப்பா கையிலும் இல்லை. பிசகு இல்லாத சீட்டோடு பிறந்தவர் உலகத்தில் ஒருவருமே இல்லை.

இன்று மத்தியானம் வேலை ஒழிந்ததும் அந்த நோட்டைத் தொடங்கிவிடுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லாத விவரம் அவரிடம்தான் இருக்கும்!