மிளகுத் தண்ணீரும் முதல் மூச்சும்

மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் நம் வீடுகளில் மிளகுக்குப் பஞ்சமில்லை. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுப் பொடியைத் தூவிப் பாருங்கள். பொடி மிதக்கும். சோப்பு தொட்ட விரலை நடுவில் வையுங்கள். பொடி முழுவதும் ஓரத்துக்கு ஓடிவிடும். என் பேரனுக்கு இந்த வேடிக்கை மிகவும் பிடிக்கும். அவன் பிழைத்ததும் ஏறக்குறைய இதே வித்தையால்தான் என்பதைச் சொன்னால் புரிகிற வயது இன்னும் வரவில்லை.

தண்ணீரின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். சோப்பின் மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும், நீரை வெறுக்கும் வாலும் உண்டு. தலையை நீரில் வைத்து, வாலைக் காற்றில் நீட்டி, ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள படலமாக அது பரவும். பரவிய இடத்தில் நீரின் இழுப்புத் தளரும்.

இதை முறையாக அளந்தவர் ஒரு சமையலறைப் பெண்மணி! ஜெர்மனியில் ஆக்னஸ் பொக்கல்ஸ் என்பவர், பெண்களுக்குப் பல்கலைக்கழகம் கதவைத் திறக்காத காலத்தில், பாத்திரம் கழுவும் நீரைப் பார்த்தே ஆராய்ந்தார். தகரத் தொட்டியில் படலத்தை ஒரு பட்டையால் நெருக்கி அளந்தார். 1891இல் அவர் எழுதிய கடிதத்தை ராலே பிரபு ‘நேச்சர்’ இதழில் வெளிவரச் செய்தார்.

நெருக்கினால் என்ன ஆகும்? எர்ணாகுளம் படகை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் ஏறினால் இஷ்டம்போல் உலாவலாம்; படலம் அப்போது வாயுபோல. கூட்டம் கூடினால் இடித்துக்கொண்டு நகரலாம், அது திரவம். தோளோடு தோள் நெருங்கிவிட்டால் அசையவே முடியாது, அது திண்மம்.

இனி என் வீட்டுக் கதை. மகளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, ஊருக்கு அழைத்துப் போக டிக்கெட்டும் எடுத்தாயிற்று. 31ஆவது வாரத்தில் திடீரென்று வலி. “எப்படியாவது ராத்திரி வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்துருப்பா, இங்க நாங்க பாத்துக்கிடுதோம்” என்று பாளையங்கோட்டையிலிருந்து அக்கா போனில் அழுதாள். என் மனமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. “வழியில ஏதாவது ஆனா என்ன பண்ணுவீங்க?” என்று மனைவி கேட்ட ஒரு கேள்வியில் எர்ணாகுளத்துக்கு வண்டி பிடித்தோம்.

குழந்தை மறுநாள் இரவு பிறந்தான். மூச்சு விட விலா எலும்புகள் உள்ளே குழிந்தன. டாக்டரம்மா விளக்கினார். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் உள்ளே ஈரமானவை. மூச்சை விடும்போது நீரின் இழுப்பு அவற்றைச் சுருட்டி ஒட்டவைக்கப் பார்க்கும். நிறைமாதக் குழந்தையிடம் அதைத் தடுக்கக் கொழுப்பாலான படலம் உண்டு. அறை சுருங்கச் சுருங்க அதன் மூலக்கூறுகள் நெருங்கித் திண்மம்போல் இறுகி, இழுப்பைப் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுவந்துவிடும். அறை மூடாது. இந்தப் படலம் போதிய அளவு ஊற ஏறக்குறைய 35 வாரம் ஆகும். எங்கள் பிள்ளைக்கு அது போதவில்லை.

குறைமாதக் குழந்தைகள் இதனால்தான் மூச்சுத் திணறுகின்றன என்று 1959இல் மேரி எல்லன் ஏவரி காட்டினார். ஆனாலும் 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கைக்குழந்தை இதே நோயால் இரண்டே நாளில் இறந்தது. 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த மருந்தைக் குழாய் வழியே செலுத்திக் குழந்தைகளைத் தேற்றினார். அந்த வகை மருந்துதான் என் பேரனுக்கும். சில மணி நேரத்தில் நெஞ்சுக் குழி நிரவியது.

மகளுக்கு வலி கண்டவுடனே போட்ட ஸ்டீராய்டு ஊசியும் உதவியதாம். வயிற்றிலுள்ள குழந்தையின் நுரையீரலை அது முன்கூட்டியே பழுக்க வைக்கும். பிறப்பதற்கு ஒரு நாள் முன்பே போட்டால் பலன் அதிகம். அன்று ரயிலேறியிருந்தால் அந்த ஒரு நாள் ரயிலிலேயே போயிருக்கும்.

பிறந்த மண்ணில் பிள்ளை பிறக்க வேண்டும் என்ற ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. மாதம் குறைவாக இருக்கும்போது வலி வந்தால் மட்டும், அன்பர்களே, ஊரை மறந்துவிடுங்கள். பச்சிளங்குழந்தைக்குத் தனிப் பிரிவுள்ள பக்கத்து ஆஸ்பத்திரிதான் அன்றைக்குத் தாய்வீடு.