எட்டு வரியா, நான்கு அடியா?

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் பீரியட், ஏழாம் வகுப்பு. தமிழ்ப் பாடநூலின் ‘கவிதைப்பேழை’யில் ஒரு விருத்தப் பாட்டைத் திறந்து, அதன் ‘சொல்லும் பொருளும்’ பகுதியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, வரிக்கு வரி பொருள் சொன்னேன். அரை மணி நேரத்தில் கடைசி பெஞ்சில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். விழித்திருந்தவர்களுக்கு இருந்தது ஒரே சந்தேகம்தான்: “ஐயா, இது மனப்பாடப் பகுதியா?”

பெற்றோர் ஆசிரியர் கழகம் அமர்த்திய தற்காலிகத் தமிழாசிரியர் நான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். (1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் பாரதியும் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியர்தான். அந்த வாரம் எனக்கிருந்த ஆறுதல் அது ஒன்றே.)

தூங்கியவர்களில் ஒருவனுக்குச் சினிமாப் பாட்டெல்லாம் முழுசாகத் தெரியும். “அதை யார்டா உனக்கு உருப்போட வச்சது?” என்றேன். “தானா வந்துருச்சுய்யா.”

மறுநாள் புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை. பொருளும் சொல்லவில்லை. அதே விருத்தத்தை மூன்று முறை வாய்விட்டுச் சொன்னேன். அந்தச் சினிமாப் பாட்டுப் பையனின் அப்பா மேளக்காரர். பையனின் விரல்கள் பெஞ்சில் ஓட ஆரம்பித்தன. மூன்று தட்டு, ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. “மூணு மூணா வருதுய்யா.”

அறுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம் என்று தேர்வுக்கு எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அதைக் காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

பாட்டின் ஓசை காதில் விழாமல் போவதில் அச்சுக்காரரின் பங்கும் உண்டு. ஓர் அடிக்கு ஆறு சீர். பக்கத்தில் இடம் போதாது. பாதியில் மடித்துப்போடுவார்கள். நான்கு அடிப் பாட்டு எட்டு வரியாகிவிடும். பிள்ளைகள் எட்டுத் துண்டுகளாக உருப்போட்டு, ஐந்தாவதில் திக்கி நிற்பார்கள். பிடித்துக்கொள்ள எதுகை இருக்கிறதே என்றால், அது அடியின் தொடக்கத்தில்தான் வரும். புத்தகத்தில் ஒரு வரி விட்டு ஒரு வரியில் ஒளிந்துகொள்ளும். பலகையில் நான்கு நீள அடிகளாக எழுதினேன். எதுகை நான்கும் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

சினிமாப் பாட்டு கேட்ட காது, ஒத்த ஓசையை வரிக் கடைசியில்தான் தேடும். அது இயைபு. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை என்று புரியவைக்க வருகைப் பதிவேட்டை எடுத்தேன். “செல்வி” என்றதும் ஒருத்தி “கல்வி” என்றாள். அதற்குப் பிறகு வகுப்பை அடக்க முடியவில்லை.

சீர் பிரித்த அச்சு இன்னொரு தொல்லை. சில இடங்களில் சொல்லின் தலை ஒரு சீரில், வால் அடுத்த சீரில். இலக்கணம் இதற்கு வகையுளி என்று பெயர் வைத்திருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது திக்குவாய்தான். முதலில் சொல் பிரித்துப் படித்துக்காட்டிவிட வேண்டும்.

வெண்பாவில் பெஞ்சு தட்டுவது பலிக்கவில்லை. அதன் ஓசை செப்பலோசை, கிட்டத்தட்டப் பேச்சு. குறளும் வெண்பாதான். இருவரை நிற்கவைத்து, அதை ஒருவர் மற்றவரிடம் சொல்வதுபோலச் சொல்லச் சொன்னேன். சுமாராக வந்தது.

காலாண்டுத் தேர்வன்று கணக்கு சார் ஓய்வறைக்கு வந்து, “உங்க பசங்க பெஞ்சைத் தட்டிக்கிட்டே எழுதுறாங்க சார், என்னன்னு கேளுங்க” என்றார். மேளக்காரர் மகன் அந்த விருத்தத்தின் எட்டு வரியும் எழுதியிருந்தான். மூன்று இடத்தில் ‘ற’ வரவேண்டிய இடத்தில் ‘ர’. மதிப்பெண்ணைக் குறைத்தேன்.